குவாண்டம் இயக்கவியலைப் பயிலும் முறை

பௌதிகம் பயிலும் கல்லூரி மாணாக்கருக்கு அச்சமூட்டும் பாடங்களுள் குவாண்டம் இயக்கவியலும் ஒன்று. அதன் விந்தைகளைப் பற்றி மட்டும் கேள்வியுற்று வருவோர், அது மனித அறிவுக்கு எட்டாதது என முன்பே முடிவு செய்துவிடுகின்றனர். வேறு சிலர் சமன்பாடுகளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இவ்விரு வழிகளும் பயனற்றவை. அளந்தறிந்த உண்மை, அதனை விளக்கும் விதி, அவ்விதியிலிருந்து பெறும் எண் என்னும் வரிசையில் பயின்றால் இப்பாடமும் கைவசமாகும்.

முதற்படி, சக்தியின் கூறுகளை உணர்தல். சூடேறிய பொருள் வெளியிடும் ஒளியை விளக்க முற்பட்ட மாக்ஸ் பிளாங்க், 1900ஆம் ஆண்டில், சக்தி சிறுசிறு கூறுகளாகப் பரிமாறப்படுகின்றது எனக் கொண்டார். அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் ஒரு கூறின் சக்தி கிடைக்கும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர். அவ்வொளியில் 1 வாட் அளவு, வினாடிக்கு ஏறத்தாழ 3-ஐ அடுத்துப் 18 சுழிகள் கொண்ட எண்ணிக்கையில் கூறுகளைச் சுமந்து வருகின்றது. ஒளி தொடர்ச்சியாகத் தோன்றுவதன் காரணம் இக்கணக்கிலேயே விளங்கும்.

இரண்டாம் படி, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடுகளைக் கொண்ட எளிய சோதனை. இரு தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வைத்தால் ஒளி மறைகின்றது. நடுவே மூன்றாம் தகடொன்றை 45 பாகை சாய்வில் செருகினால் ஒளி மீண்டும் தோன்றுகின்றது. தகடுகள் குறையற்றவையாயின், முதல் தகட்டைக் கடந்த ஒளியில் நான்கில் ஒரு பங்கு வெளிவரும். இதனை அலைக்கொள்கையும் விளக்கும். ஆனால் ஒளியை மிகவும் குறைத்து ஒவ்வொரு கூறாக அனுப்பினால், அரைக்கூறு ஒருபோதும் வெளிவருவதில்லை. முழுக்கூறும் கடக்கும், அல்லது முழுக்கூறும் தடைப்படும். எக்கூறு கடக்கும் என முன்னரே கூற இயலாது. 45 பாகைத் தகட்டைக் கடக்கும் நிகழ்தகவு பாதி என்று மட்டுமே கூறலாம். கடந்த கூறு அத்தகட்டின் திசையைத் தன் நிலையாகக் கொள்கின்றது. முந்தைய திசை அதனிடம் எஞ்சுவதில்லை. நிகழ்தகவு, அளத்தலால் நிலை மாறுதல் என்னும் இரு கருத்துக்களும் இதில் அடங்கியுள்ளன.

மூன்றாம் படி கணிதம். தொடக்கத்தில் கலப்பெண்களும், இரு வரிசையும் இரு நிரலும் கொண்ட அணிகளுமே போதும். 1925இல் ஹைசன்பர்க் தொடங்கிய அணி முறையும், 1926இல் ஷ்ரோடிங்கர் வெளியிட்ட அலைச் சமன்பாடும் ஒரே விடையைத் தருவன. வகைக்கெழுச் சமன்பாடுகளில் பயிற்சி பெற்றபின், அலைச் சமன்பாட்டை ஹைட்ரஜன் அணுவுக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். எலெக்ட்ரான் மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்குங்கால் 1.89 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வெளிப்படும் என்றும், அவ்வொளியின் அலைநீளம் 656 நானோமீட்டர் என்றும் கணக்குக் கூறும். ஹைட்ரஜன் விளக்கை நிறமாலைமானியின் வழியே நோக்கினால், அச்சிவப்புக் கோடு அவ்விடத்திலேயே காணப்படும். தாளில் கணித்த எண் கண்முன் ஒளிர்வதைக் கண்ட மாணாக்கருக்கு இப்பாடம் வெறும் விந்தையாகத் தோன்றாது.

இக்கொள்கை இயற்கையைப் பற்றி முடிவாக எதனை உணர்த்துகின்றது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அவ்வினா தள்ளத்தக்கதன்று, ஆயினும் கணக்கிடக் கற்றபின் எழுப்பினால்தான் அது பயன் தரும்.

வினா எழுப்பும் மாணாக்கரை ஆசிரியர் அடக்கலாகாது. டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்க் சூத்திரத்திற்கு அன்று வழங்கிய விளக்கங்களில் நிறைவு கொள்ளாது, ஒளிக்கூறுகளை எண்ணும் புதுமுறையொன்றை வகுத்தார். 1924இல் அக்கட்டுரையை அவர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பாடத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தாத இடத்தில் நின்று ஆராய்ந்ததன் பயன் அது. நம் வகுப்பறைகளிலும் வளர்க்கத்தக்க பழக்கம் இதுவே.