சிறுதொழில் வாசல் – 14: போர்டு கடைக்கு ஆள் தேவை

ஆடித் தள்ளுபடி ஓய்வதற்குள் தீபாவளி வேலை வந்துவிடும். அதை முடித்துக் கொடுத்தால் பொங்கல், தை முகூர்த்தம், புதுக்கடை திறப்பு விழாக்கள். நம் ஊர்களில் பெயர்ப்பலகை செய்யும் கடைகள் பலவற்றில் முதலாளியையும் சேர்த்து ஐந்தாறு பேர்தான். ஒருவர் கம்ப்யூட்டரில், ஒருவர் மெஷினில், ஒருவர் வெல்டிங்கில், இரண்டு பேர் ஏணியோடு வெளியே. இவர்களில் ஒருவர் வராவிட்டால் அன்றைய வேலை அப்படியே நின்றுவிடும்.

கையால் எழுதிய காலத்தில் ஆள் பஞ்சம் இந்த அளவுக்கு இல்லை. ஆர்ட்டிஸ்ட் கடைக்கு வரும் பையன் முதலில் பிரஷ் கழுவுவான், பெயின்ட் கலக்குவான். பிறகு சுண்ணாம்பு நூல் தட்டிக் கோடு போடுவான். வாத்தியார் எழுதிய எழுத்துக்கு உள்ளே நிறம் நிரப்புவான். சொந்தமாக ஓர் எழுத்து போட வருடங்கள் ஆகும். சென்னை மோகன் ஆர்ட்ஸ் போன்ற பெரிய பட்டறையானாலும், பஸ் ஸ்டாண்டு ஓரத்து ஒற்றை அறையானாலும் தொழில் கைமாறியது இந்த வழியில்தான். 2000-களில் ஃபிளெக்ஸ் மெஷின் பரவியதும் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பேனர் சில நிமிடங்களில் வந்து விழுந்தபோது, அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுக் கொடுப்பது என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

இப்போது எழுகிறது. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பேனர்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையில் சரிந்த பேனர் ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பறித்தது. அதன்பின் கெடுபிடி கூட, பேனரை மட்டும் நம்பியிருக்க முடியாமல் கடைகள் ஏசிபி போர்டு, அக்ரிலிக் எழுத்து, எல்இடி பக்கம் திரும்பின. இவை மெஷின் துப்பிப் போடுகிற வேலைகள் அல்ல. ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த ஷீட். மூலையை மடக்க, பின்பக்கத் தகட்டையும் நடுப் பிளாஸ்டிக்கையும் ‘வி’ வடிவில் சீவ வேண்டும். முன்தகட்டைத் தொடக் கூடாது. அரை மில்லிமீட்டர் ஆழம் கூடினால் மடக்கும்போது முன்பக்கம் விரிசல் விடும். குறைந்தால் மூலை கூர்மையாக வராது. எட்டுக்கு நாலு அடி ஷீட் வீணாகும். இந்த அரை மில்லிமீட்டரைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற கை வேண்டும்.

ஆனால் ஆள் எடுக்கும்போது பெரும்பாலான கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கோரல்டிரா தெரியுமா?” என்பதுதான். அது தவறான கேள்வி. ஆர்வமுள்ள யாருக்கும் அந்த டிசைன் மென்பொருளைச் சில மாதங்களில் கற்றுத் தந்துவிடலாம். கண்ணும் தமிழும் அப்படி வருவதில்லை. அதைவிட, வாடிக்கையாளர் கிறுக்கிக் கொடுத்த துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, பத்துக்கு மூன்று அடியில் ஒரு மளிகைக் கடை போர்டு போடச் சொல்லலாம். சீட்டில் ‘சில்லரை’ என்றிருந்தால் அதை ‘சில்லறை’ என்று திருத்துகிறாரா? தமிழ் முதலில் வருகிறதா? 1948-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15-ஆவது விதி பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசைக்கு அரசு சொல்லும் அளவு 5:3:2. இதெல்லாம் தெரியாமல் வந்தாலும் பரவாயில்லை. “அண்ணே, ஷட்டர் பெட்டிக்கு மேல எத்தனை இஞ்சு இடம் இருக்கு?” என்று கேட்கிறவரை அன்றைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் மாட்டப் போன இடத்தில் வெட்டி ஒட்டப்பட்ட போர்டுகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஃபிட்டிங் ஆட்கள் விஷயத்தில் நடப்பது அலட்சியம் அல்ல, அநியாயம். அன்றாடக் கூலிக்குக் கிடைத்த பையனை, பெல்ட் இல்லாமல், இரும்புப் பைப் ஃபிரேமோடு, 11,000 வோல்ட் கம்பி போகிற தெருவில் ஏற்றிவிடுகிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் இத்தகைய கடைகளுக்குப் பொதுவாக இஎஸ்ஐ பொருந்தாது. இருபது பேர் இல்லாததால் பிஎஃப் கட்டாயமும் இல்லை. ஆனால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. வங்கிக் கணக்கு இருந்தால் போதும். அதைக்கூடச் செய்து தராத முதலாளி, ஆள் நிற்பதில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை. ஒரகடத்திலோ ஓசூரிலோ பெரிய கம்பெனிக்குப் போனால் வீட்டுப் பக்கமே வேன் வருகிறது, பிஎஃப் பிடிக்கிறார்கள், வாரத்தில் ஒரு நாள் நிச்சயம் லீவு.

“தொழில் கற்றுக்கொடுத்தால் நாளைக்கே எதிரில் கடை போட்டுவிடுவான்” என்பது இந்தத் தொழிலின் பழைய பயம். பொய்யில்லை, போடத்தான் செய்கிறார்கள். ஆனால் ஹெல்பரை ஹெல்பராகவே வைத்திருக்கும் கடையில், அவசர ஆர்டர் வருகிற இரவுகளில் முதலாளிதான் மெஷின் முன்னால் விழித்திருக்கிறார். வேலை பரவாமல் கடை வளராது.

அரசு வழி ஒன்றும் இருக்கிறது. இதைப் பயன்படுத்தும் சின்னக் கடைகள் குறைவு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் இருந்தாலே விருப்பத்தின் பேரில் எடுக்கலாம். 2016-இல் வந்த தேசிய பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. வெல்டர், எலக்ட்ரீஷியன், டிடிபி ஆபரேட்டர் ஆகிய மூன்றுமே ஐடிஐ பாடப்பிரிவுகள். போர்டு கடைக்குத் தேவையானவையும் இவையே. பக்கத்து ஐடிஐ முதல்வரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசுவது, வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஆள் தேவை’ என்று போடுவதைவிடப் பலன் தரும்.

டிடிபி படித்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இரவு வேலை என்று சொல்லி அவர்களை ஒதுக்கிவிடுகிறார்கள். இரவில் ஓடுவது மெஷின்தான். டிசைன், பிழை திருத்தம், வெட்டிய வினைலில் வேண்டாததை ஊசியால் உரித்தெடுப்பது எல்லாமே பகலில் முடிக்கக்கூடிய வேலைகள். காலை பத்து முதல் மாலை ஐந்து என்று நேரம் வைத்து, சம்பளத்தையும் தேதி தவறாமல் தந்தால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரத் தயாராக இருப்பவர்கள் அதே தெருவில்கூட இருப்பார்கள்.

(தொடரும்)