ஏற்காட்டில் 'டிஸ்க் கோல்ஃப்' மைதானம் சாத்தியமா? யாரிடம் கேட்கணும், எப்படி கேட்கணும்?

கோல்ஃப் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரிய புல்வெளியும், கிளப் உறுப்பினர் கட்டணமும்தான். ஆனா அதே பெயரில் இன்னொரு விளையாட்டு இருக்கு. இதில் பந்து கிடையாது, மட்டை கிடையாது. கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தால் போதும். மரங்களை வெட்டத் தேவையில்லை. சொல்லப்போனால், நடுவில் மரம் இருந்தால்தான் ஆட்டமே சுவாரசியம்.

ஏற்காடு மாதிரி மலை ஊருக்கு இது பொருந்துமா? ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள இளைஞர்கள் இப்படி ஒரு இடம் வேணும்னு நினைத்தால், எந்த அலுவலகத்துக்குப் போகணும்? என்னென்ன கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கணும்?

டிஸ்க் கோல்ஃப் என்றால் என்ன?

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் அடிப்பாங்க. இதில் தட்டைக் கூடைக்குள் வீசணும். இரும்புக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும், அதன் கீழே ஒரு கூடை. தட்டு சங்கிலியில் பட்டு கூடைக்குள் விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. குறைந்த வீச்சுகளில் எல்லா கூடைகளையும் முடிப்பவரே வெற்றியாளர். வழக்கமாக 9 அல்லது 18 கூடைகள் இருக்கும்.

பள்ளி மாணவர் முதல் ஓய்வு பெற்றவர் வரை ஒன்றாக விளையாடலாம். ஓட வேண்டியதில்லை, நடந்தால் போதும்.

எங்கே, எப்படித் தொடங்கியது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1975-இல் ஓக் குரோவ் பூங்காவில்தான் முதல் நிரந்தர மைதானம் வந்தது. அதை வடிவமைத்தவர் எட் ஹெட்ரிக். ஆரம்பத்தில் கூடை கிடையாது, வெறும் கம்பம்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா, இல்லையா என்று வாக்குவாதம் வரும். அதற்குத் தீர்வாக வந்ததுதான் சங்கிலிக் கூடை. 1977-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: முதல் மைதானமே தனியார் கிளப்பில் வரவில்லை, பொதுப் பூங்காவில் வந்தது. அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான மைதானங்கள் உள்ளாட்சிப் பூங்காக்களில்தான் இருக்கு, பலவற்றில் கட்டணமும் இல்லை.

உலக பறக்கும் தட்டு கூட்டமைப்புக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2015-இல் முழு அங்கீகாரம் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கும் தட்டு புதுசு இல்லை. சென்னைக் கடற்கரைகளில் 'அல்டிமேட்' என்ற குழு விளையாட்டு பல வருஷமாக நடக்குது. அதிகாரிகளிடம் பேசும்போது இந்த இரண்டு தகவலும் உதவும்.

எவ்வளவு இடம் தேவை? செலவு?

1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 100 ஏக்கருக்கு மேல் பரந்தது. டிஸ்க் கோல்ஃபுக்கு அந்த அளவு வேண்டாம். தொடக்க நிலை மைதானத்துக்கு ஒரு கூடைக்குச் சுமார் அரை ஏக்கர், சற்று நீளமான மைதானம் என்றால் ஒரு ஏக்கர் வரை. அதாவது 9 கூடைகளுக்கு 5 முதல் 9 ஏக்கர். நிலம் சமமாக இருக்கணும்னு அவசியம் இல்லை.

கட்டடம், வேலி, புல்தரை எதுவும் கட்டாயம் கிடையாது. குழாய், சங்கிலி, கம்பி, சிறிய கான்கிரீட் அடித்தளம், அவ்வளவுதான். சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையே செய்து தரக்கூடிய வேலை இது.

ஏற்காட்டில் நிலம் யாருடையது?

பெரும்பாலான கோரிக்கைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒண்டிக்கடையிலிருந்து சில நிமிட நடையிலேயே பல துறைகளின் எல்லை மாறும்.

அண்ணா பூங்கா: தோட்டக்கலைத் துறை. மே மாத மலர்க் கண்காட்சி நடக்கும் இடம். தட்டு வீசுவதற்குத் தோதான இடமல்ல.

படகு இல்லம்: தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம்.

காப்புக்காடு: வனத்துறை. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேணும். இந்த வழியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

காபித் தோட்டங்கள்: தனியார் நிலம். உரிமையாளர் சம்மதம் இருந்தால் போதும், ஆனா அது பொது மைதானமாக இருக்காது.

புறம்போக்கு: வருவாய்த் துறை அல்லது உள்ளாட்சி. நடைமுறையில் கேட்கக்கூடிய இடம் இதுதான்.

எனவே முதல் வேலை, புல எண்ணைக் கண்டுபிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கு என்று பார்ப்பது. "காலியா கிடக்குது" என்பதால் மட்டும் அது யாருக்கும் பயன்படாத நிலம் ஆகிவிடாது. சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். மேய்ச்சலுக்கும், நடைபாதைக்கும், கோயில் விழாவுக்கும் பயன்படும் பொது நிலத்தில் கூடையை நட்டால், விளையாட்டு வருவதற்கு முன்பே சண்டை வந்துவிடும். மனு எழுதுவதற்கு முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேசியாகணும்.

கோரிக்கையை எங்கே வைப்பது?

நிலம் கிராம ஊராட்சி எல்லையில் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடும். பேரூராட்சி எல்லை என்றால் வார்டு அளவிலான ஏரியா சபையும் மன்றமும்.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் சேலம் ஆட்சியரிடமும் கொடுக்கலாம். வெறும் மனுவுக்கும், தீர்மானத்தோடு போகும் மனுவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

பணம் எங்கிருந்து வரும்?

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி: ஆண்டுக்கு ரூ.3 கோடி. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் இப்படி இருப்பவை இரண்டே தொகுதிகள், மற்றொன்று சேந்தமங்கலம்.

நாடாளுமன்ற உறுப்பினர் நிதி: ஆண்டுக்கு ரூ.5 கோடி. இங்கே பலர் தவறு செய்வாங்க. ஏற்காடு இருப்பது சேலம் மாவட்டம், ஆனா மக்களவைக்கு அது கள்ளக்குறிச்சித் தொகுதி. மனு போக வேண்டியது அங்கே.

நமக்கு நாமே திட்டம்: மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். மக்கள் பங்கு பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒன்று. பள்ளிகள், தோட்ட உரிமையாளர்கள், விடுதி நடத்துபவர்கள் சேர்ந்தால் சிறிய திட்டத்துக்கு இது எட்டக்கூடிய தொகை.

அதிகாரிகள் என்ன கேட்பாங்க?

"நடந்து போறவங்க மேல தட்டு பட்டா?" நியாயமான கேள்வி. வேகமாக வரும் தட்டு காயப்படுத்தும். பாதைகளுக்குக் குறுக்கே வீசும்படி எந்தக் கூடையும் இருக்கக் கூடாது. இதை வரைபடத்தில் காட்டணும்.

"மண் அரிக்காதா?" அரிக்கும். ஆட்கள் ஒரே இடத்தில் நின்று வீசினால் புல் செத்து மண் இறுகும், மரப்பட்டையும் சிதையும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பீஸ் பூங்கா மைதானம் இப்படி நிலம் சேதமானதால்தான் 2011-இல் மூடப்பட்டது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. செங்குத்துச் சரிவைத் தவிர்ப்பது, கூடைகளை அவ்வப்போது இடம் மாற்றுவது, கனமழைக் காலத்தில் மூடுவது ஆகியவை மனுவிலேயே இருக்கணும்.

"மரம்?" ஒரு மரமும் வெட்ட வேண்டாம் என்பதே இந்தக் கோரிக்கையின் பலம். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955 முதலே தனிச் சட்டம் இருக்கு.

"காட்டெருமை?" ஏற்காட்டில் நடமாட்டம் உண்டு. அவை வந்துபோகும் வழியை விட்டு விலகி இடம் தேர்வு செய்யணும், மாலை இருட்டுவதற்குள் ஆட்டத்தை முடிக்கணும்.

"பராமரிப்பது யார்?" பதில் இல்லாத மனு பெரும்பாலும் இங்கேயே நின்றுபோகும். ஒரு பள்ளியோ, பதிவு பெற்ற இளைஞர் மன்றமோ எழுத்தில் பொறுப்பேற்றால் நல்லது.

முதலில் என்ன செய்யலாம்?

நிரந்தர மைதானம் கேட்பதற்கு முன், ஒரு நாள் அனுமதி கேட்கலாம். மடக்கிக் கொண்டுபோகும் கூடைகள் கிடைக்குது. அது இல்லாட்டி, மரத்தில் ஆணி அடிக்காமல் துணி கட்டினாலே இலக்கு தயார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பிள்ளைகள் விளையாடுவதை அதிகாரி நேரில் பார்த்தால், பத்து பக்க விளக்கம் தேவைப்படாது. எங்கே ஆபத்து, எங்கே மண் கெடுது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒரு நிபந்தனையை மட்டும் தீர்மானத்திலேயே எழுதிவைப்பது நல்லது: உள்ளூர் மக்களுக்குக் கட்டணம் கூடாது. மைதானம் வந்த பிறகு அது சுற்றுலாப் பயணிகளுக்கான டிக்கெட் இடமாக மாறினால், கேட்டு வாங்கிய பிள்ளைகளே வேலிக்கு வெளியே நிற்க வேண்டிவரும்.