விழுந்தபின் பார்த்த கணக்கு

நம் சங்க இதழில் வரி, எடை முத்திரை, உரிமம் புதுப்பித்தல் என்று எத்தனையோ எழுதி வருகிறோம். ஆனால் நம்மில் பாதிப்பேர் தினமும் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றி எழுதியதாக நினைவில்லை. கல்லாவைச் சொல்லவில்லை, மோட்டார் சைக்கிள் சீட்டைச் சொல்கிறோம். வசூலுக்குப் போவதும், சரக்குக் கொண்டுபோய்ப் போடுவதும், வங்கிக்கு ஓடுவதும் அதன் மேல்தான்.

செட்டிகுளத்திற்கு வெளியூர்க்காரர்கள் தண்டாயுதபாணி கையிலுள்ள கரும்பைப் பார்க்கவும் ஏகாம்பரேஸ்வரர் கோயில் குபேரரைக் கும்பிடவும் வருகிறார்கள். வியாபாரிகளுக்கு இந்த ஊர் என்றால் சின்ன வெங்காயம்தான். நாமும் முப்பது வருடத்திற்கு மேலாக வெங்காயம், பூண்டு, வத்தல் மொத்த வியாபாரம் செய்து, சுற்றுவட்டாரத்தில் பதினெட்டு மளிகைக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குப் போட்டு வருகிறோம்.

2019 தை மாதக் கடைசியில் ஒருநாள் பாடாலூரில் வசூலை முடித்துக்கொண்டு மாலை ஆறரை மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மக்காச்சோள அறுவடைக் காலம். பாதி ரோட்டை அடைத்து மணியைக் காயப் போட்டு, ஓரத்தில் கல் வரிசை வைத்திருந்தார்கள். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. ஒதுங்கினோம், முன்சக்கரம் சோளத்தின் மேல் ஏறியது. அப்போது பிரேக்கைப் பிடித்ததுதான் தப்பு. மக்காச்சோள மணி டயருக்கு அடியில் பேரிங் குண்டு மாதிரி உருளும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேகம் நாற்பதுகூட இருக்காது. காயப் போட்ட விவசாயியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. களம் இல்லாதவருக்குத் தார் ரோடுதான் களம். அந்தச் சோளம் நம் போன்றவர்களின் கடைக்குத்தானே வருகிறது? ஓடி வந்து தூக்கி உட்கார வைத்து 108-க்குப் போன் போட்டவரும் அவர்தான்.

ஹெல்மெட் போட்டிருந்தோமா என்று எல்லோரும் கேட்டார்கள். போட்டிருந்தோம். ரோட்டோரத்தில் 250 ரூபாய்க்கு வாங்கியது. போலீஸ்காரருக்காக வாங்கியது என்று சொன்னால் சரியாக இருக்கும். வார் பூட்டுகிற பழக்கம் கிடையாது. முதல் குலுக்கலிலேயே அது கழன்று வயலுக்குள் உருண்டுவிட்டது. அடுத்துத் தரையில் மோதியது வெறுந்தலை.

வேட்டி, ரப்பர் செருப்பு, மேல்சட்டைப் பையில் சிட்டை நோட்டு, இதுதான் நம் உடுப்பு. இடது காறை எலும்பு முறிந்தது. வேட்டி சுற்றிக்கொண்டு கால் வண்டிக்கு அடியில் மாட்டியதில் கணுக்கால் உடைந்து, பிளேட்டும் திருகாணியும் வைத்தார்கள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. கீழே விழுகிற மனிதன் முதலில் கையைத்தான் ஊன்றுகிறான். முந்நூறு நானூறு ரூபாய்க்கு விற்கும் கையுறை அந்தத் தோலைக் காப்பாற்றியிருக்கும்.

ஆறு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. பிறகு போட்ட கையெழுத்து வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகாமல் இரண்டு காசோலைகள் திரும்பி வந்தன. முப்பது வருடத்தில் நம் காசோலை திரும்பியது அதுவே முதல் தடவை. கால் வலியைவிட அது அதிகமாக வலித்தது என்றால் வியாபாரிகளுக்குப் புரியும்.

அதைவிடப் பெரியது தலைக் காயம். சி.டி. ஸ்கேனில் ரத்தக் கட்டு இல்லை என்றார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் தலைக்குள் பனிமூட்டம். மகன் வந்து, "அப்பா, நக்கசேலம் கடைக்கு எவ்வளவு பாக்கி?" என்று கேட்கிறான். கடை கண்ணுக்குத் தெரிகிறது, கடைக்காரர் முகம் தெரிகிறது, தொகை வரவில்லை. பேரேட்டில் ஏற்றியது போன வாரம் வரைதான். அந்த வாரக் கணக்கு சிட்டையில் இருந்தது. சிட்டை விழுந்த இடத்திலேயே போய்விட்டது. மீதி நம் தலையில் இருந்தது. எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் இருக்கும். வெங்காயம் கொடுத்த விவசாயிகளுக்கு நாம் பணம் தரவேண்டிய தவணை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் நோட்டையும் கையில் எடுத்து வந்திருந்தார்கள். "அண்ணே, உங்க கணக்கு என்னன்னு தெரியலை. என் நோட்டுல இவ்வளவு இருக்கு" என்று சொல்லி, கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்திற்குள் பதினைந்து பேர் தாமாகவே வந்தார்கள். இரண்டு பேருக்குச் சொல்லியனுப்பினோம், கொடுத்தார்கள். விவசாயிகளுக்கும் தவணை தப்பாமல் கொடுத்தோம்.

படுக்கையில் கிடந்த மூன்று மாதத்தில் ஹெல்மெட்டைப் பற்றிக் கொஞ்சம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம். 'அரேபிய லாரன்ஸ்' என்று பேர் பெற்ற ஆங்கிலேயர், சைக்கிளில் வந்த இரு பையன்களுக்காக மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்து, ஆறாம் நாள், 1935 மே 19-இல் இறந்தார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் அதை மனதில் வைத்துக்கொண்டு ஆராய்ந்து, 1941-இல் கட்டுரை எழுதினார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் கடிதம் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 வரை ஆனது.

ஹெல்மெட் வேலை செய்யும் விதம் மளிகைக்காரருக்குச் சுலபமாக விளங்கும். மேலே உள்ள கெட்டி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே உள்ள தெர்மோகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. கண்ணாடிச் சாமானை வைக்கோலில் புதைத்து அனுப்புகிறோமே, அதே வேலைதான். ஆனால் தெர்மோகோல் ஒருமுறைதான் நசுங்கும். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடவேண்டியதுதான். ரோட்டோரச் சரக்கில் பலவற்றில் தெர்மோகோலே இருப்பதில்லை, வெறும் ஸ்பாஞ்சுத் துணிதான். வாங்கும்போது உள்துணியை நீக்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கவேண்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாததைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். வாரைப் பூட்டியபின் தாடைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் போதும். அதற்கு மேல் தளர்வு கூடாது.

தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாளில் தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துக் கட்டாயமானது. அந்த ஜூன் கடைசியில் சரக்குக் கிடைக்காமல் ஹெல்மெட் விலை ஏறியதும் நினைவிருக்கும். அன்று அதை வியாபாரமாகப் பார்த்தோமே தவிர, வேறு எதுவும் யோசிக்கவில்லை. 2022-இல் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

பெரம்பலூர் வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொள்ளச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நாமும் போடுவதில்லை. முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, கையுறை, ஹெல்மெட். இவ்வளவையும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிட்டோம். வேட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்க் கடையில் மாற்றிக்கொள்கிறோம். முதல் வாரம் கடைத்தெருவில், "மாமா எந்த ஊருக்கு ரேஸுக்குப் போறீங்க?" என்று கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு எதிராளிக்கு, விழுந்தவருக்கு அல்ல. உரிமையாளரே ஓட்டும்போது உள்ள 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும்தான். எலும்பு முறிவுக்கு ஒரு பைசா வராது. நமக்கும் வரவில்லை. முக்கியமாக, வண்டி முதலாளி பேரில் இருந்து கடைப் பையன் ஓட்டிப் போய் விழுந்தால் அந்த 15 லட்சம் அவனுக்குக் கிடையாது. ஆனால் வேலை நேரத்தில் அடிபட்டால் சட்டப்படி இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியுடையது. பையன் பேரில் தனி விபத்துக் காப்பீடு எடுங்கள். குறைந்தபட்சம், வருடம் 20 ரூபாயில் வங்கி மூலம் எடுக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டிலாவது சேர்த்துவிடுங்கள். அதில் 2 லட்சம் வரை உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். நாம் விழுந்தபோது அது இல்லை.

நம் கடையில் சரக்குப் போடும் தம்பிகள் இரண்டு பேர். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தாயிற்று. வார் பூட்டாமல் வந்தால் பில்லைக் கையில் கொடுப்பதில்லை. ஒரு நாள் கோபித்துக்கொண்டு ஒருவன் வீட்டுக்கே போய்விட்டான். மறுநாள் அவன் அம்மாவே அழைத்து வந்து விட்டார். சிட்டையை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றைக் கடையில் வைத்துவிட்டுத்தான் வசூலுக்குக் கிளம்புகிறோம். கணுக்காலில் பிளேட் இன்னும் இருக்கிறது, மழைக்காலத்தில் ஞாபகப்படுத்தும்.

பதினெட்டில் பதினேழு கடை வரவு வந்ததைச் சொன்னோம். மீதி ஒருவர் எவ்வளவு தரவேண்டும் என்று இன்றுவரை நமக்கு நினைவு வரவில்லை. அவருக்குத் தெரியும். இந்த இதழ் அவர் கடைக்கும் போகிறது.