காலண்டரைப் பார்த்து லீவு போடுங்கள்!

ஜனவரி பிறந்ததும் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இரண்டு காலண்டர்கள் சுவரேறுகின்றன. ஒன்று, ஊரிலிருந்து வந்தவர் யாரோ பையில் வைத்துக் கொண்டு வந்து கொடுத்த தமிழ் தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், கரிநாள், முகூர்த்த நாள் எல்லாம் அதில் உண்டு. மற்றொன்று, கம்பெனியோ மளிகைக் கடையோ கொடுத்த கர்நாடக மாதக் காலண்டர். ஒன்றில் சிவப்பாக இருக்கும் நாள் மற்றதில் கறுப்பாக இருக்கும். அங்கே விடுமுறை, இங்கே வேலை. இங்கே விடுமுறை, அங்கே வேலை.

சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பீன்யாவிலும் வாழும் தமிழருக்கு ஆண்டு முழுவதும் இருக்கும் சிக்கல் இதுதான். ஊரில் அம்மா பொங்கல் வைக்கும்போது இவர் ஷிப்டில் நிற்கிறார். இவருக்கு லீவு கிடைக்கும்போது ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் இரண்டு காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையில் ஒரு பென்சிலோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால், கையிலிருக்கும் கொஞ்ச லீவைக் கொண்டே ஊரில் கூடுதலாகப் பல நாட்கள் தங்கிவிட்டு வரலாம்.

இரண்டு மாநிலம், இரண்டு சிவப்பு

முதலில் பொங்கல். தமிழ்நாட்டில் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று மூன்று நாள் அரசு விடுமுறை. கர்நாடகத்தில் மகர சங்கராந்திக்கு ஒரே ஒரு நாள். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் பெங்களூரில் வேலை நாட்கள்தான். தைப்பூசத்துக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு விடுமுறை. இங்கே கிடையாது. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் இங்கே விடுமுறை. அங்கே இல்லை.

சில நாட்கள் நமக்கு அதிர்ஷ்டமாக அமைந்திருக்கின்றன. சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14-ல் வருகிறது. அன்று அம்பேத்கர் ஜெயந்தி என்பதால் கர்நாடக அரசு அலுவலகங்களுக்கும் விடுமுறை. ஆயுத பூஜையும் விஜயதசமியும் இரு மாநிலத்துக்கும் பொது.

தீபாவளியில்தான் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இங்கே நரக சதுர்த்தசிக்கு ஒரு விடுமுறை, பலிபாட்யமிக்கு ஒரு விடுமுறை. நடுவில் அமாவாசை நாள் வேலை நாளாக நிற்பதுண்டு. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. பலிபாட்யமி நவம்பர் 10, செவ்வாய். நடுவிலுள்ள திங்கட்கிழமைக்கு மட்டும் லீவு போட்டால் மூன்று நாள். முந்திய சனிக்கிழமையையும் சேர்த்தால் இரண்டு லீவில் நான்கு நாள். உங்கள் தொழிற்சாலைப் பட்டியலில் பலிபாட்யமி இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிழமைக் கணக்கு

காலண்டரில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மே 1, அக்டோபர் 2, டிசம்பர் 25 ஆகிய மூன்றும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். மே தினத்திலிருந்து காந்தி ஜெயந்திக்குச் சரியாக 22 வாரம். அங்கிருந்து கிறிஸ்துமஸுக்குச் சரியாக 12 வாரம். அதனால் ஒன்றின் கிழமை தெரிந்தால் மூன்றும் தெரிந்துவிடும். ஆகஸ்ட் 15 அதற்கு அடுத்த கிழமை. நவம்பர் 1 அதற்கும் அடுத்த கிழமை. ஆண்டுக்கு ஆண்டு இவை ஒரு கிழமை முன்னே நகரும். பிப்ரவரிக்கு 29 நாள் வந்தால் இரண்டு கிழமை நகரும்.

2026-ல் இந்த மூன்றும் வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு விடுமுறையுள்ள அலுவலகத்தாருக்கு லீவே இல்லாமல் மூன்று முறை மூன்று நாள். ஞாயிறு மட்டும் ஓய்வுள்ள தொழிலாளி சனிக்கிழமைக்கு ஒரு லீவு போட்டால் அவருக்கும் மூன்று நாள். 2027-ல் மூன்றும் சனிக்கிழமை. தொழிலாளிக்கு லீவில்லாமலே இரண்டு நாள் சேர்ந்து வரும். ஐந்து நாள் வேலைக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த ஆண்டு சுதந்திர தினமும் ஞாயிற்றுக்கிழமையில் போய்விடுகிறது. ராஜ்யோத்சவம் மட்டும் திங்கட்கிழமை. 2028-ல் மூன்றும் திங்கள். அது எல்லோருக்கும் நல்ல ஆண்டு.

எந்த லீவு ஞாயிறை விழுங்கும்?

லீவு எத்தனை நாள் என்பதோடு, எந்த வகை லீவு என்பதும் முக்கியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருடா வருடம் நாட்களை இழப்பவர்கள் ஏராளம்.

மத்திய அரசு அலுவலகங்களில் கேஷுவல் லீவு ஆண்டுக்கு 8 நாள். இதன் நடுவில் வரும் ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேராது. ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று கணக்கில் ஏறும். இந்த லீவுக்கு முன்னும் பின்னும் விடுமுறையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் மாட்டிக்கொள்ளும் சனி, ஞாயிறுகளை அது விழுங்கிவிடும். ஐந்து நாள் வேலை செய்யும் ஒருவர் திங்கள் முதல் வெள்ளி வரை லீவு போட்டால் 5 நாள் செலவில் 9 நாள் கிடைக்கிறது. அதையே அடுத்த வெள்ளி வரை நீட்டினால் வேலை நாள் 10 தான். கழிவதோ 12. ஆகவே ஒரே மூச்சில் இரண்டு வாரம் போடுவதைவிட ஒவ்வொரு வாரமாக இரண்டு முறை போடுவது இலாபம். கேஷுவல் லீவையும் ஈட்டிய விடுப்பையும் ஒட்டிப் போட முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இவை தவிர, கட்டுப்படுத்தப்பட்ட விடுமுறை என்று இரண்டு நாட்களை ஊழியரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பொங்கல் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது வழக்கம்.

தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சட்டம் இந்த விஷயத்தில் இன்னும் தாராளம். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஓராண்டில் 240 நாள் வேலை செய்தால்தான் இந்த உரிமை வந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகக் குறைக்கப்பட்டது. லீவின் நடுவிலோ, இரு முனைகளிலோ வரும் விடுமுறைகள் லீவுக் கணக்கில் சேராது. பன்னிரண்டு நாள் லீவு உள்ளவர் அதை ஒரு திங்கட்கிழமை தொடங்கினால், மூன்று ஞாயிறுகளையும் சேர்த்து 15 நாள் ஊரில் இருக்கலாம். நடுவில் ஒரு பண்டிகை விடுமுறை விழுந்தால் 16 நாள்.

பண்டிகை விடுமுறைகளுக்கும் சட்டம் இருக்கிறது. கர்நாடகத் தொழில் நிறுவனங்களுக்கான 1963 ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தின்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, ராஜ்யோத்சவம் ஆகிய ஐந்தும் கட்டாயம். அதோடு வேறு ஐந்து பண்டிகை நாட்கள். இந்த ஐந்தில் எவை இடம்பெறும் என்பதில்தான் தமிழ்த் தொழிலாளர்கள் வாய் திறக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பட்டியல் பேச்சுக்கு வரும்போதே சங்கத்தில் சங்கராந்தியைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறிய பிறகு முணுமுணுத்துப் பயனில்லை.

பட்டியலில் இடம் கிடைக்காத நாளுக்கும் ஒரு வழி உண்டு. பல இடங்களில் அது பல காலமாக நடந்து வருகிறது. யுகாதிக்கும் கௌரி கணேச பண்டிகைக்கும் கன்னட நண்பரின் ஷிப்டைத் தமிழர் பார்த்துக்கொள்கிறார். பொங்கலுக்குத் தமிழரின் ஷிப்டை அவர் பார்த்துக்கொள்கிறார். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதே ஏற்பாடுதான். மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்தால் யாருக்கும் தொல்லையில்லை.

டிக்கெட் இல்லாத லீவு

லீவு கிடைத்துவிட்டால் மட்டும் ஊர் வந்துவிடாது. ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாக்கப்பட்டது. பயணம் செய்யும் நாள் இதில் சேராது. 2026 நவம்பர் 6, வெள்ளி இரவு தீபாவளிக்குப் புறப்பட வேண்டுமானால் செப்டம்பர் 7 காலை 8 மணிக்கே முன்பதிவு தொடங்கும். 2027 ஜனவரி 13-ல் பொங்கலுக்குப் புறப்பட 2026 நவம்பர் 14. இந்தத் தேதிகளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். லீவு மனு அதற்கு முன்பே அதிகாரியின் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.

போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டை மறந்துவிடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். உண்மையில் திரும்பும் நாளில்தான் நெருக்கடி. லீவு முடியும் கடைசி இரவில் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள். பஸ் அத்திப்பள்ளியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ நெரிசலில் நின்றுவிட்டால் காலை ஷிப்ட் போய்விடும். ஒரு நாள் முன்னதாகத் திரும்புகிறவர், அந்த ஒரு நாளை வீட்டில் துணி துவைத்து, தூங்கி எழுந்து, மறுநாள் நிம்மதியாக வேலைக்குப் போகிறார்.

பகல் வண்டியா இரவு வண்டியா என்பதையும் யோசிக்க வேண்டும். கோவைக்கு 2023 டிசம்பரிலும் மதுரைக்கு 2024 ஆகஸ்டிலும் வந்தே பாரத் ரயில்கள் தொடங்கப்பட்டன. வேகம்தான். ஆனாலும் பகல் வண்டி லீவில் ஒரு பகலைத் தின்னும். மூன்று நாள் லீவில் ஊருக்குப் போகிறவருக்கு இரவு வண்டியே இலாபம்.

தந்திக் காலத்துப் பாடம்

ஒரு காலத்தில் லீவு கிடைக்காதவர்கள் தந்தியை நம்பினார்கள். "தாய் கவலைக்கிடம், உடனே புறப்படு" என்று ஊரிலிருந்து ஒரு தந்தி அடிக்கச் சொன்னால் போதும். அதிகாரி மறுக்க மாட்டார். சிலருடைய பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு முறை இறந்துபோனதும் உண்டு. 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிந்துவிட்டது. இப்போது செய்தி செல்போனில் வருகிறது.

அந்தச் செய்தி உண்மையாக வரும்போது என்ன செய்வது? இதுதான் லீவுக் கணக்கில் மிகப் பெரிய கேள்வி. காலண்டர் பார்த்து, சனியையும் ஞாயிறையும் ஒட்டி, கையிலிருந்த லீவையெல்லாம் தீபாவளிக்குள் தீர்த்துவிட்டவருக்கு, நவம்பர் கடைசியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. சம்பளமில்லா லீவில் போக வேண்டும். காரியம் முடியுமுன்பே திரும்பியாக வேண்டும். இப்படிப் போய்த் திரும்பியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை.

ஆகவே கணக்குப் போடும்போது முதலில் நான்கு ஐந்து நாட்களைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சத்தில்தான் பண்டிகைக்குக் கணக்குப் போட வேண்டும். ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டும் தேதி எந்த அரசுக் காலண்டரிலும் இருக்காது. செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இரு மாநிலத்திலும் பொது விடுமுறை இல்லை. அவற்றுக்கும் இந்தச் சேமிப்பே கை கொடுக்கும்.

லீவே இல்லாதவர்கள்

இவ்வளவு கணக்கும் லீவு உள்ளவர்களுக்கு. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இங்கே கட்டட வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் லீவின் விலை ஒரு நாள் கூலி. பண்டிகை வாரத்தில் தனியார் பஸ்களில் கட்டணமும் ஏறிவிடுகிறது. இவர்கள் பண்டிகைக்கு முந்திய வாரமோ பிந்திய வாரமோ போய் வந்தால் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லிச் சட்டப்படியான லீவைக் கொடுக்காத இடங்களும் இருக்கின்றன. 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. கேட்கத் தெரிந்தவர்கள் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும்.

ஒரு சாதாரண வாரம்

கடைசியாக ஒன்று. விடுமுறையை ஒட்டி லீவு போடும் யோசனை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தோன்றுகிறது. அதனால் அந்த நாட்களில் பெர்த் கிடைக்காது. சாந்திநகர் பஸ் நிலையத்தில் நிற்க இடமிருக்காது. ஊர் போய்ச் சேர்ந்தாலும் வீடு நிறைய விருந்தாளிகள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை. அவரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசாமலேயே மகன் திரும்பிவிடுகிறான்.

ஆண்டில் ஒரு பயணத்தைப் பண்டிகையே இல்லாத வாரத்தில் வையுங்கள். ஜூலையோ, பிப்ரவரியோ. ரயிலில் இடமிருக்கும். டாக்டரிடம் அப்பாவின் கண்ணைக் காட்டலாம். பட்டா, ரேஷன் கார்டு வேலைகளுக்குத் தாலுகா ஆபீஸும் திறந்திருக்கும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

பென்சிலை எடுங்கள். முதலில் ஆபத்துக்கு ஐந்து நாள். அடுத்து, அந்தச் சாதாரண வாரம். பிறகு பொங்கலையும் தீபாவளியையும் பாருங்கள்.