ராயபுரம் சுவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளுமா?

கொடுங்கையூர் என்றாலே குப்பைமேடுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கட்டட இடிபாடுகளை அரைத்துப் பிரிக்கும் சென்னை மாநகராட்சி ஆலை ஒன்றும் அங்கே இருக்கிறது. பெருங்குடியில் ஒன்று, இங்கே ஒன்று; ஒவ்வொன்றும் நாளுக்கு 400 டன் கையாளக்கூடியது. தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு பழைய வீட்டை இடித்தால் தேக்கு உத்திரமும் கதவு நிலையும் மரக்கடைக்குப் போய்விடும். விலைபோகாத செங்கல்லும் சுண்ணாம்பும்தான் லாரி ஏறும். அவற்றை அரைத்தால் ஜல்லி கிடைக்கும், மணல் கிடைக்கும். அந்தச் செங்கல்லைச் சுட எரித்த விறகும் சுண்ணாம்புக் காளவாயில் எரித்த கரியும் திரும்பக் கிடைக்காது. அதே மனையில் எழும் புதுக் கட்டடத்துக்கு மறுபடியும் கம்பி, செங்கல், சிமென்ட். சிமென்ட்டுக்கு மூலமான கிளிங்கர் ஒரு டன் தயாராகும்போது மட்டும் 800 கிலோவுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது.

எனவே எரிசக்திக் கணக்கு பார்க்கிறவர்கள் முதலில் பழைய கட்டடத்தை நிற்கவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. நிற்கிற கட்டடத்துக்குள் மே மாதத்திலும் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமே.

ராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பம்பாயும் தாணேயும் தங்கள் முதல் நிலையக் கட்டடங்களை இழந்துவிட்டதால், நாட்டில் மிஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான். 2005-ல் புதுப்பிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் துறைமுகத்தை ஒட்டிய பகுதியிலும் அந்தக் காலத்து அலுவலகங்களும் கிடங்குகளும் தேவாலயங்களும் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. இவற்றில் எதையாவது 'நவீனப்படுத்த' யாராவது முன்வந்தால் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: ஜன்னல்களை அடைத்து, பால்ஸ் சீலிங் போட்டு, சுவருக்குப் புட்டி வைத்து பெயின்ட் அடித்து, நான்கு ஸ்பிளிட் ஏசி மாட்டுவது. மின்கட்டணத்தில் அக்கறை உள்ளவர் என்றால் ஐந்து நட்சத்திர ஏசியாக வாங்குவார்.

இந்தப் பட்டியல் என்ன செய்யும் என்று பார்ப்பதற்கு முன்னால், கட்டடம் தன் பாட்டுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கலாம்.

மெட்ராஸ் டெரஸ் என்று உலகம் அறிந்த கூரையை நம் கொத்தனார்கள் கட்டைக்குத்து ஒட்டு என்பார்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாகக் கோணவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு. ஏறத்தாழ ஓரடி கனம். உச்சி வெயிலின் சூடு இந்தக் கனத்தைக் கடந்து உள்பக்கம் வர ஆறேழு மணி நேரமாகும். அதற்குள் அலுவலகம் மூடிவிடும். (அதே கூரையின் கீழ் இரவில் படுத்துத் தூங்குகிறவர் இதை ஒரு சிறப்பாக ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் மொட்டை மாடிக்குப் போனதன் காரணமே அதுதான்.) கொடுங்கையூரில் இன்று எழும் வீடுகளின் ஐந்தங்குல காங்கிரீட் தளத்தில் மதியச் சூடு மதியமே இறங்கத் தொடங்கிவிடுகிறது. உயரமான கூரை சூடான காற்றைத் தலைக்கு மேலே தேக்கிவைக்க, மேல் வென்டிலேட்டர் அதை வெளியேற்றும். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை, வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பியது. இன்று கூல் ரூஃப் என்ற பெயரில் டப்பாவில் விற்கும் பூச்சு செய்வதும் அதையேதான்.

சுவரின் வேலை இன்னும் நுட்பமானது. பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்ந்த சுவருக்கு, தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கத் தெரியாது. வந்த தண்ணீரை வெளியே விடத் தெரியும். மண்பானை கசிந்து உலர்வதைப் போல அது தரையிலிருந்து ஏறும் ஓதத்தை மேற்பரப்பு வழியாக ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். வடசென்னையில் அந்த ஈரம் உப்போடு வருகிறது. காற்றில் கடல் உப்பு. மண்ணிலும் உப்பு, மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960களிலிருந்தே பதிவாகியிருக்கிறது.

இங்கேதான் 75 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேலே போனால் சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். 75-க்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். உப்பு கரைந்தே கிடந்தால் சுவருக்குப் பெரிய தொல்லையில்லை, படிகமாகவே கிடந்தாலும் இல்லை. மாறி மாறி ஆவதுதான் வினை. செங்கல்லின் நுண்துளைக்குள் வளரும் படிகம் துளைச் சுவர்களை நெட்டித் தள்ளுகிறது. பூச்சு பொரிந்து, பிறகு செங்கல்லே மாவாக உதிர்கிறது.

சென்னையில் ஈரப்பதம் இரவில் அந்தக் கோட்டுக்கு மேலும் கோடைப் பகலில் கீழும் இருப்பது வழக்கம். ஆக ஏசி இல்லாத கட்டடத்திலும் உப்பு பூக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே தடித்த சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கியும் கொடுத்தும் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். மீறிப் பூக்கும் உப்பு வெளிப்பூச்சோடு உதிரும். அடுத்த பொங்கலுக்குப் புதுப் பூச்சு வந்துவிடும். செங்கல் தப்பிக்கும்.

இப்போது ஏசியை மாட்டிப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் போட்டதும் அறையின் ஈரப்பதம் ஐம்பதுகளுக்கு இறங்குகிறது. மாலை ஆறு மணிக்கு நிறுத்துகிறார்கள். ஜன்னல் அடைத்தே கிடக்கிறது. இரவில் சுவர் விடும் ஈரத்தில் மறுபடி 75-ஐத் தாண்டுகிறது. வேலைநாள்தோறும் தவறாமல் ஒரு சுற்று. மேலே அடித்திருப்பது பிளாஸ்டிக் பெயின்ட் என்றால் உப்பு வெளியே பூக்கவும் வழியில்லை. பெயின்ட்டுக்குப் பின்னாலேயே படிகமாகி, செங்கல்லைத் தின்னும்.

இரண்டாவது வினை பனிநிலை. 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள சாதாரணச் சென்னைக் காற்றிலுள்ள ஈரம், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீராக மாறும். ஏசியை 22-ல் வைத்தால் கூரை இடுக்கிலும் ஜன்னல் சட்டத்திலும் பால்ஸ் சீலிங்குக்கு மேலேயும், வெளிக்காற்று புகும் இடமெல்லாம் நனையும். சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்கு உத்திரத்தின் முனையும் அப்படி ஓர் இடம். தேக்கு கறையானைத் தாங்கும். ஓயாத நனைவை எத்தனை காலம் தாங்கும்?

ஐரோப்பாவின் புத்தகங்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததும் இதனால்தான். குளிர்நாட்டில் ஈரம் சூடான அறையிலிருந்து வெளியே போகப் பார்க்கிறது. நம் ஏசி அறையில் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. அங்கே உள்பக்கம் ஒட்டும் ஈரத்தடுப்புத் தாளை இங்கே ஒட்டினால், தண்ணீரைச் சுவருக்குள் பிடித்துவைத்த மாதிரிதான். அருங்காட்சியகங்கள் மந்திரம்போல் ஓதும் 20 டிகிரி, 50 சதவீதம் என்ற அளவின் பின்னணியும் இப்படிப்பட்டதே. இரண்டாம் உலகப் போரில் லண்டன் நேஷனல் கேலரி ஓவியங்களை 1941-ல் வேல்ஸ் நாட்டு மேனாட் கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் நிலையான குளிரிலும் ஈரத்திலும் வைத்தார்கள். ஓவியங்களின் சேதம் குறைந்தது. அந்தப் பாடம் பிறகு உலகுக்கெல்லாம் விதியானது. நன்மை செய்தது எண்ணைவிட அதன் நிலைத்தன்மைதான் என்பது சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

சரி, ஜன்னலைத் திறந்து வைத்துவிடலாமே? மயிலாப்பூரில் என்றால் உடனே சரி என்பேன். வடசென்னையில் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்றோடு மணலி சுத்திகரிப்பாலையின் புகையும், அனல்மின் நிலையங்களின் சாம்பலும், கன்டெய்னர் லாரியின் கரியும், தீப்பிடித்த நாட்களில் கொடுங்கையூர்க் குப்பையின் புகையும் வரும். புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு ஈரச் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாக மாறும், கரியைச் சேர்த்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகும், பிறகு உரியும். வெள்ளைக் கூரையும் இங்கே சீக்கிரம் சாம்பல் பூத்து, வெயிலைத் திருப்பும் திறனை இழக்கும். பழைய கட்டடத்தின் குளிர்ச்சி வெளிக்காற்றை நம்பியது; அந்தக் காற்றை நாம் கெடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு விலையாக ஏசி வாங்கு என்று கட்டடத்திடம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கட்டடம் முழுவதையும் குளிர்விக்கும் எண்ணத்தைக் கைவிட்டால் வழி கொஞ்சம் திறக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆட்களைக் கேட்டு உருவாக்கிய வசதிக் கணக்கின்படி, வெளியே சராசரி 31 டிகிரி நிலவும் மாதத்தில், காற்றோட்டமான கட்டடத்தில் இருப்பவர்களுக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பமே இயல்பாக இருக்கிறது. மின்விசிறிதான் அங்கே முதல் கருவி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டைச் சுற்றி நின்றுவிடும். புகை மிகுந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, கடற்காற்று எழும் பிற்பகலில் திறக்கலாம். தவிர்க்க முடியாத அறைக்கு மட்டும் ஏசி. அதுவும் பழைய சுவரைத் தொடாமல் உள்ளே தனியாக நிற்கும் தடுப்பறையில், 26-க்குக் கீழே இறக்காமல்.

காக்க வேண்டியது பொருள் என்றால் அறையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கவனிக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. வெண்கலச் சிலைகளைப் பிடிக்கும் பச்சைப்பொடி நோய் அங்கே பழைய எதிரி. உலோகத்திலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியும் அதனடியில் சிலிகா ஜெல்லும் மின்சாரமே இல்லாமல் அதை அடக்கிவிடும். மண்டபம் முழுவதையும் உலர்த்த ஆகும் செலவை நினைத்தால் இது காசே இல்லை.

சுவருக்குச் செய்ய வேண்டிய முதல் செலவும் குளிரூட்டிக்கு அல்ல. சிமென்ட் பூச்சையும் பிளாஸ்டிக் பெயின்ட்டையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். மழைநீர்க் குழாய் ஒழுகுவதை நிறுத்த வேண்டும். அடைத்த வென்டிலேட்டரைத் திறக்க வேண்டும். பழங்கட்டடங்களின் எரிசக்தி பற்றி 2017-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி இஎன் 16883 எந்தத் தீர்வையும் முன்கூட்டியே விதிப்பதில்லை. ஒவ்வொரு கட்டடத்தையும் முதலில் ஆராயச் சொல்கிறது. அதற்கு முந்தைய 15757 என்ற தரநிலை, உள்ளே இருக்கும் பொருள்கள் பழகிப்போன ஈரப்பதம் எது என்று அறியக் குறைந்தது ஓராண்டாவது அளக்கச் சொல்கிறது. இதை மட்டும் மாற்றமில்லாமல் இறக்குமதி செய்துகொள்ளலாம். தீப்பெட்டி அளவுள்ள பதிவுக் கருவிகளை அறைக்கு ஒன்று, கூரைக்கடியில் ஒன்று, வராந்தாவில் ஒன்று என்று மாட்டினால் போதும்; ஒரு ஸ்பிளிட் ஏசியின் விலைக்குள் அடங்கும். ஐப்பசி அடைமழையும் அக்னி நட்சத்திரமும் அந்த ஓராண்டுக்குள் வந்துவிட வேண்டும். ஈரப்பதம் எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு 75-ஐக் கடக்கிறது என்பது தெரிந்த பிறகு டெண்டர் விடலாம்.