பிடியை விடாத ஐ.எஸ்.ஓ. மவுண்ட்

ஒரு குறுந்தகட்டில் உள்ள அத்தனையையும் அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைத்தால் அதுதான் டிஸ்க் இமேஜ். 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9660 தரத்தை வைத்து இதை ஐ.எஸ்.ஓ. கோப்பு என்கிறார்கள். தகடு போடும் டிரைவ்கள் கணினிகளிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன; ஆனாலும் லினக்ஸ் இயங்குதளம் இன்றும் பெரும்பாலும் இந்த வடிவில்தான் கைக்கு வருகிறது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அப்படித்தான் கிடைக்கிறது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்ததால், மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்திலும் படித்த பிள்ளைகள் பலருக்கு முதலில் அறிமுகமான லினக்ஸ் அதுவாகவே இருந்திருக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை வேறு மாதிரி நடக்கும். ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இணையத்திலிருந்து பதிவிறக்கினால் இணைப்பு தாங்காது. அதனால் ஐ.எஸ்.ஓ. கோப்பை ஆய்வக சர்வரில் வைத்து, அதன் உள்ளடக்கம் ஒரு ஃபோல்டரில் தெரியும்படி மவுண்ட் செய்து, என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் பகிர்வு முறை வழியாக நிறுவலுக்காக எல்லாக் கணினிகளுக்கும் பகிர்ந்துவிடுவார்கள். புதிய பதிப்பு வந்ததும் பழைய மவுண்டை இறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் எழுகிறது: அதற்கான யூமவுண்ட் கட்டளை கொடுத்தால் ‘இலக்கு பயன்பாட்டில் உள்ளது’ என்று சர்வர் மறுக்கிறது, அல்லது பதிலே சொல்லாமல் அப்படியே நின்றுவிடுகிறது.

இந்த இரண்டும் ஒன்றல்ல. மறுப்பு வந்தால் இயங்குதளத்தின் மையமான கர்னல் நலமாக இருக்கிறது, யாரோ அந்த இமேஜைப் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். பதிலே வராவிட்டால் அடியில் உள்ள வட்டோ நெட்வொர்க்கோ பழுதாகியிருக்கலாம். இதைப் பிரித்தறியாமல் உடனே ரீபூட் செய்வது, அதே சர்வரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற மாணவர்களின் உழைப்பைப் பறிப்பதாகும்.

மவுண்டுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் ஐ.எஸ்.ஓ. கோப்பு. அதற்கு மேல் லூப் சாதனம். ஒரு சாதாரணக் கோப்பை வட்டு போலக் காட்டுவது இதன் வேலை. அதற்கும் மேலே ஃபோல்டரில் தெரியும் கோப்புகள். இந்த மேல் அடுக்கில் ஒரே ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரே ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் கர்னல் இறக்க விடாது.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்க ஃபியூசர், எல்.எஸ்.ஓ.எஃப். என்று இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டையும் ரூட் உரிமையோடு இயக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறருடைய ப்ராசஸ்கள் பட்டியலில் முழுதாகத் தெரியாது. ஃபியூசர் தரும் விரிவான பட்டியலில் பயனர் பெயர், ப்ராசஸ் எண், கட்டளையின் பெயர் ஆகியவற்றோடு ஓர் எழுத்தும் இருக்கும். ‘சி’ என்றால் அந்த ப்ராசஸ் அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறது. ‘எஃப்’ என்றால் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. ‘இ’ என்றால் அங்கிருக்கும் நிரலே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘கர்னல்’ என்ற பெயரில் வரும் வரி மவுண்டையே குறிப்பது, அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் சிக்குவது ‘சி’தான்: யாரோ இன்னொரு டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய்விட்டு வெளியே வராமல் விட்டிருப்பார்கள். கட்டளை கொடுப்பவரே அதற்குள் நிற்பதும் உண்டு. வெளியே வந்தால் போதும், இறங்கிவிடும்.

ஃபியூசரிலேயே ப்ராசஸ்களைக் கொன்றுவிடும் வசதியும் இருக்கிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு. கொடுத்த ஃபோல்டரில் எதுவும் மவுண்ட் ஆகியிருக்காவிட்டால், அது அந்த ஃபோல்டர் அமைந்துள்ள வட்டுப் பகுதி முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்; சர்வரின் முக்கிய சேவைகள் எல்லாம் ஒரே அடியில் சாய்ந்துவிடும். முதலில் பட்டியலைப் பார்த்து, ப்ராசஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் நிறுத்துவதே சரி.

பட்டியல் காலியாக இருந்தும் சர்வர் மறுத்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, என்.எஃப்.எஸ். அதன் சர்வர் பகுதி கர்னலுக்குள்ளேயே ஓடுவதால் ஃபியூசர் கண்ணில் படாது. பகிர்வை விலக்கிய பிறகே மவுண்ட் இறங்கும். இரண்டு, மவுண்டுக்குள் மவுண்ட். நிறுவாமலேயே இயங்கும் லைவ் வகை ஐ.எஸ்.ஓ.வுக்குள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற இன்னொரு சுருக்கப்பட்ட இமேஜ் இருக்கும். அதையும் யாராவது மவுண்ட் செய்திருந்தால் உள்ளே இருப்பதை முதலில் இறக்கி, பிறகுதான் வெளியே இருப்பதை இறக்க முடியும். லோசெட்டப் கட்டளை எந்த லூப் சாதனம் எந்தக் கோப்பின் மேல் நிற்கிறது என்று காட்டிவிடும். மூன்று, அதே சர்வரில் தனிச் சூழல்களாக ஓடும் கன்டெய்னர்கள். இங்கே நிலைமை சற்று வேறு: யூமவுண்ட் வெற்றி என்று சொல்லும், ஆனால் லூப் சாதனம் விடுபடாது. கன்டெய்னருக்குள் அதே மவுண்டின் நகல் உயிரோடு இருப்பதே காரணம்.

உறைந்துபோகும் நிலை கடினமானது. ஐ.எஸ்.ஓ. கோப்பு வெளி வட்டிலோ, நெட்வொர்க்கில் உள்ள வேறொரு பெட்டியிலோ இருந்து, மின்வெட்டில் அது மட்டும் அணைந்துபோனால் இது நேரலாம். சர்வருக்கு யு.பி.எஸ். கொடுத்துவிட்டு வட்டுப் பெட்டிக்குக் கொடுக்காமல் விடுவது அவ்வளவு அபூர்வமல்ல. அப்போது படிக்கப் போன ப்ராசஸ் ‘டி’ என்ற, எழுப்ப முடியாத தூக்க நிலையில் போய் உட்கார்ந்துவிடும். கில் கட்டளையின் கடைசி ஆயுதமான 9-கூட அதன்மேல் பெரும்பாலும் செல்லாது. 120 விநாடிக்கு மேல் அப்படியே இருந்தால், பல லினக்ஸ் வகைகளில் கர்னல் பதிவில் எச்சரிக்கை விழும். இந்த நேரத்தில் டி.எஃப்., எல்.எஸ். கட்டளைகளைக் கொடுத்தால் அவையும் சேர்ந்து உறைந்துவிடலாம். ப்ராக் ஃபோல்டரில் உள்ள மவுண்ட்ஸ் கோப்பைப் படிப்பது பழுதான வட்டைத் தொடாது என்பதால் அதுவே பாதுகாப்பு. அணைந்தது நெட்வொர்க் பெட்டி என்றால், அதற்கு மின்சாரம் கொடுத்து நெட்வொர்க்கைச் சரிசெய்தால், தூங்கிய ப்ராசஸ்கள் பெரும்பாலும் தாமே விழித்துக்கொள்ளும். அடியில் உள்ள வட்டு திரும்பி வரவே வராது என்று உறுதியான பிறகு ரீபூட் செய்வதில் தவறில்லை.

யூமவுண்டில் ‘லேஸி’ என்று ஒரு வழி இருக்கிறது. அது ஃபோல்டரிலிருந்து மவுண்டைக் கண்ணுக்கு மறைத்துவிடும். பிடித்திருக்கும் ப்ராசஸ் விடும்வரை லூப் சாதனமும் கோப்பும் அடியில் அப்படியே இருக்கும். பழைய ஐ.எஸ்.ஓ.வை அழித்தாலும் வட்டில் இடம் திரும்பக் கிடைக்காது. லோசெட்டப் பட்டியலில் அந்தக் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்போடு அது தொடரும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டிய கட்டளை இது.

ஐ.எஸ்.ஓ. மவுண்டில் படிக்க மட்டுமே முடியும் என்பதால், பிடித்திருக்கும் ப்ராசஸைக் கொன்றாலும் இமேஜுக்குச் சேதம் வராது. சேதம் வருவது இன்னொரு வழியில்: மவுண்ட் ஆகியிருக்கும்போதே புதிய பதிப்பைப் பழைய கோப்பின் பெயரிலேயே காப்பி செய்வது. அப்போது லூப் சாதனத்தின் அடியிலேயே தரவு மாறுகிறது. கணினிகளில் பாதி நிறுவல் பழையதாகவும் பாதி புதியதாகவும் குழம்பி நிற்கலாம். புதிய இமேஜை வேறு பெயரில் வைத்து, அதன் செக்சம் சரிபார்த்து, வேறு ஃபோல்டரில் மவுண்ட் செய்து, ஆய்வகக் கணினிகளை அங்கே திருப்பிவிட்ட பிறகு பழையதை நிதானமாக இறக்கலாம்.