குப்பைக்குப் போகும் முதல்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கும் வரை மலையக மரக்கறிச் செய்கை தடுமாறியது. வாங்கும் பசளையை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது தெரிந்தது.

நுவரெலியா, ஹட்டன் வர்த்தகர்களே, கடையில் கழிக்கும் கோவா இலை, லீக்ஸ் தாள், முட்டைக்கோது, தேயிலைச் சக்கை எல்லாம் பசளைதான். வீட்டுப் பின்வளவில் குவித்து, காய்ந்த இலை கலந்து, ஈரம் காயாமல் அடிக்கடி புரட்டிவிடுங்கள். சில மாதங்களில் கூட்டெரு தயார்.

தேயிலை மண் புளிப்புக் கூடியது. கரட், பீட்ரூட் நடுமுன் மண்ணைப் பரிசோதித்து டொலமைட் இடுங்கள். சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுங்கள். இல்லையேல் மழை மேல்மண்ணை அள்ளிச் செல்லும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா உறைபனிக்கு நாற்றுகளை இரவில் சாக்கால் மூடுங்கள்.

வீட்டுச் செலவில் மிச்சமாவதும் இலாபமே.